லயத்தில் அடுப்பெரியாத காலை

நோயாளிப் பிள்ளை வைத்திருக்கிற தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பதுளை நர்ஸ் சிவரூபி மிஸ்ஸியைத் தெரியும். யாழ்ப்பாணத்து மனுஷி. ஒரே பிள்ளையை நாலு டாக்டர் பார்க்க வேண்டியிருந்தால், அந்த நாலு பேரிடமும் பேசி ஒரே நாளில் காட்ட வைப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவர் வேலை. சிரித்துப் பேச மாட்டார். நானும் அப்படித்தான், ஒத்துப்போனது. பூனாகலைத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோவது என் ஆட்டோ.

ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருக்கும் பரிமளாவின் மகள் டிலுக்ஷிக்கு ஐந்து வயது. நடக்க மாட்டாள், பேச்சில்லை, வலிப்பு வரும், இருதயத்தில் ஓட்டை. விழுங்குவதில் பாதி நெஞ்சுக்குள் போய்ச் சளியாகக் கட்டிவிடும். இன்னொரு தடவை கட்டினால் தாங்க மாட்டாள், சாப்பாடு செலுத்த வயிற்றில் குழாய் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். இருதய டாக்டர், வலிப்பு டாக்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லாரையும் சம்மதிக்க வைத்து மிஸ்ஸி நாள் வாங்கினார். வெறும் வயிற்றோடு விடியவே வரச் சொன்னார்.

போனோம். வாசலிலேயே கேட்டார்: "பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"சாப்பாடு ஒன்னுமே குடுக்கலைங்க மிஸ்ஸி. தேத்தண்ணி மட்டுந்தான்" என்றாள் பரிமளா.

அதுவும் பால் தேத்தண்ணி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை என்று வீட்டுக்கு வீடு ஒரு கரண்டி ஊட்டியிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் தேத்தண்ணியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? மயக்கத்தில் அது மேலே வந்தால் ஆபத்து என்று நாள் தள்ளிப்போனது. பரிமளா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிஸ்ஸி ஏசவில்லை.

"உங்களிட்ட சாப்பாடெண்டா என்னெண்டு நான் கேட்டிருக்கோணும்" என்றார். மறுபடியும் டாக்டர்மாருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

வேறொரு நாள் கிடைத்ததும், அதற்கு முந்தின பின்னேரம் லயத்துக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். வலிப்பு மருந்தை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று பரிமளாவுக்குக் காட்டினார். பிறகு ஒவ்வொரு வீடாக, பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார். கடைசி வீட்டு செவனம்மா மறித்தாள்.

"வாசம் புடிச்சா அழுவாளே மிஸ்ஸி. அழுதா மூச்சடைக்கும். அவ பாத்துக்கிட்டு இருக்க நாங்க மட்டும் குடிக்கவா?"

மிஸ்ஸி கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.

விடிய ஆட்டோவைக் கொண்டுபோனேன். லயத்தில் ஓர் அடுப்பும் எரியவில்லை. வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பி நின்ற ஆட்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, வண்டி எப்போது போகும் என்று பார்த்தார்கள். நானும் குடித்திருக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

வாசலில் அதே கேள்வி.

"மருந்தத் தவிர ஒன்னும் குடுக்கலைங்க" என்றாள் பரிமளா. "லயத்துல யாருமே குடிக்கலைங்க மிஸ்ஸி."

மிஸ்ஸி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பகலில்தான் வெளியே வந்தார். குழாய் வைத்தாயிற்று, பிள்ளை கண் முழித்துவிட்டாள் என்றார். கையில் தேத்தண்ணிக் கோப்பைகள். ஒன்றைப் பரிமளாவிடம் நீட்டி, "இனிக் குடியுங்கோ" என்றார்.

எனக்கும் ஒன்று. சீனி கம்மி. குடித்தேன்.