பாய் குடிக்காம வெச்ச தண்ணி

எழுபத்தேழோ எழுபத்தெட்டோ, வருஷம் சரியா ஞாபகம் இல்ல. மே மாசம்ங்கறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, வேலூர் வெயில் அப்படி. அங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில நர்சிங் ரெண்டாம் வருஷம் படிச்சிட்டிருந்தேன். ஆமாங்க, நான் ஆம்பிளை தான். இன்னைக்கு இதைச் சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. அன்னைக்கு ஒரு பையன் நர்ஸுக்குப் படிக்கிறான்னா, கேட்டவங்க முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் "ஐயோ பாவம்"னு சொல்லுவாங்க. சிரிப்பைக் கூடத் தாங்கிப்பேன். அந்த ஐயோ பாவத்தைத் தான் தாங்க முடியாது.

எங்க ஊர் ஆம்பூர். அப்பா தோல் பதனிடுற ஒரு டேனரியில கணக்கு எழுதிட்டிருந்தார். எங்க தெருவுல மெடிக்கல் சீட் வாங்கின முதல் ஆள் நான் தான். ஞாயித்துக்கிழமை ஆராதனையில எங்க சர்ச் ஐயரே எழுந்து அறிவிச்சு, சபையை ஜெபம் பண்ண வெச்சார். நாலு வீடு தள்ளி ஒரு பாய் இருந்தார். அப்பா வேலை செஞ்ச டேனரியிலயே மேஸ்திரி. அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, என் காலைப் பழைய பேப்பர் மேல வெக்கச் சொல்லி, பென்சிலால சுத்தி கோடு போட்டு எடுத்துட்டுப் போனார். பத்து நாள் கழிச்சு ஒரு ஜோடி கறுப்பு ஷூவோட வந்து நின்னார். தோல் அவரே பார்த்துப் பார்த்து எடுத்தது, மூக்குப் பக்கம் ரெட்டைத் தையல். "செருப்பு மாட்டிட்டுப் போற டாக்டரை எவன் மதிப்பான்?"னார். அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மெட்ராஸ்ல மெடிக்கல் முதல் வருஷம் கூட முடியல, அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துடுச்சு. கணக்கு எழுதுற கை அது. எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க. டாக்டருக்குன்னா இன்னும் நாலஞ்சு வருஷம் தள்ளணும். வேலூர்ல நர்சிங் ஸ்கூல்ல பசங்களையும் சேர்த்துக்கிறாங்க, சாப்பாடும் தங்குற இடமும் குடுத்து மாசம் கையில கொஞ்சம் காசும் குடுக்கிறாங்க, முடிச்சதும் வேலைன்னு ஐயர் விசாரிச்சுட்டு வந்து சொன்னார். என்னை யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல. நானே யோசிச்சு, நானே சரின்னு சொல்லிட்டேன். வாய் தான் சொல்லிச்சு.

தெருவுல கேட்டவங்களுக்கு எங்க அம்மா, "இப்ப வேலூர்ல படிக்கிறான்"னு சொன்னாங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே! மீதியைத் தெருவே சேர்த்துக்கிச்சு. லீவுக்குப் போனா, "இன்னா டாக்டரே, எப்ப வந்தே?"ம்பாங்க. நானும் இளிச்சுக்கிட்டே, "நேத்து தான்"னு சொல்லுவேன்.

ஆஸ்பத்திரியிலயும் இதே கூத்து தான். எங்களுக்கு வெள்ளை பேண்ட், வெள்ளை அரைக்கோட்டு, கால்ல கறுப்பு ஷூ. வெள்ளையில ஒரு ஆம்பிளை நடந்தா நோயாளிங்களுக்கு அவர் டாக்டர். பின்னாடியே வர்ற நிஜ லேடி டாக்டரைப் பார்த்து, "சிஸ்டர், கொஞ்சம் வாங்க"ம்பாங்க. எங்களை பிரதர்னு தான் கூப்பிடணும், தப்பாக் கூப்பிட்டா திருத்துங்கன்னு எங்க டீச்சர் சொல்லியிருந்தாங்க. கூடப் படிச்சவங்க திருத்துவாங்க. எனக்கு மட்டும் அந்த நேரத்துல காது கேக்காது.

அப்ப எனக்கு ஆம்பிளைங்க எலும்பு வார்டுல பகல் டூட்டி. ஒரு நாள் காலையில ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. பார்த்தா, நம்ம பாய். டேனரியில ஈரத் தரையில வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணி உள்ளே ராடு வெக்கிற வரைக்கும் கால்ல கம்பி குத்தி, கயிறு கட்டி, எடை தொங்க விட்டுடுவாங்க. அந்த எடை ஆளை இழுத்துடாம இருக்க, கட்டிலோட கால் பக்கம் கட்டை வெச்சு ஒசத்துவாங்க. கால் மேல, தலை கீழன்னு அசையாமப் படுத்திருக்கணும். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் கட்டில்லயே தான்.

அந்த வலியிலயும் என்னைப் பார்த்ததும் அவர் மூஞ்சி மலர்ந்துச்சு. "அட, நம்ம டாக்டர் தம்பி!"ன்னார். வார்டு பூராத் திரும்பிப் பார்த்துச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். நான் என்ன பண்ணேன் தெரியுமா? பக்கத்துல போய், மூஞ்சியைப் பெருசா வெச்சுக்கிட்டு நாடி பிடிச்சுப் பார்த்தேன். நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

அன்னையில இருந்து எனக்குத் திருட்டுப் பொழப்பு. பெட்பேன் வெக்கிறது, எடுக்கிறது, கழுவுறது எல்லாம் எங்க வேலை. பாய் இருந்த வரிசைக்குக் கூட இருந்த பையனை அனுப்பிட்டு, பதிலுக்கு அவனோட வேலை ரெண்டு மடங்கு செஞ்சேன். ஆனா அவன் வேற வேலையா இருக்கும்போது, பாய்க்குப் பக்கத்துக் கட்டில்காரர் அவசரம்னு கூப்பிட்டா என்ன செய்யறது? திரையை நாலு பக்கமும் நல்லா இழுத்து மறைச்சுட்டு, உள்ளே வேலையை முடிச்சு, பெட்பேனைத் துணியால மூடி அந்தப் பக்கமா நழுவிடுவேன். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதுன்னு எனக்கு நெனப்பு.

ஆம்பூர்ல இருந்து பஸ் ஏறி பாய் வீட்டம்மா டிபன் கேரியரோட வருவாங்க. "டாக்டர் தம்பி இருக்கச் சொல்ல நமக்கு இன்னா பேஜாரு?"ன்னு அவங்ககிட்ட பாய் ஒசந்த குரல்ல சொல்லுவார். எனக்கு உள்ளே எரியும்.

நாலஞ்சு நாள் போச்சு. பாய் சரியாச் சாப்பிடறதில்ல. வீட்டுல இருந்து வர்றதை எல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளி விடுவார். தலைமாட்டு ஸ்டூல்ல நான் ஊத்தி வெக்கிற தண்ணி சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். "வேணாம் தம்பி, வாய் கசக்குது"ம்பார். நானும் சரின்னு விட்டுடுவேன். அப்புறம் காய்ச்சல் கண்டுச்சு. அந்த வெயில்ல, ரெண்டு கம்பளி போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஒண்ணுக்குப் போற வழியில சீழ் பிடிச்சிருக்கு, கிட்னிக்குப் போயிடுச்சுன்னா ஆளே தேறுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷனையும் தள்ளி வெச்சுட்டாங்க.

வார்டு சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தாங்க. "ராத்திரி டூட்டியில கேட்டு வாங்கிக் குடிக்கிறார். பகல்ல நீ இருக்கும்போது தான் வாயைத் தெறக்கிறதில்ல. ஏன்?"னாங்க.

எனக்கு ஏன்னு பட்டுனு புரிஞ்சுடுச்சு, இல்ல, புரிஞ்சதா நினைச்சேன். ஊர்ப் பையன், அதுவும் டாக்டர், அவன் எதிர்ல பெட்பேன் கேக்க மனுஷனுக்குக் கூச்சம். இதுக்கு மருந்து என்னன்னு எனக்குத் தெரியும். நிஜத்தைச் சொல்லிட்டு நானே பெட்பேனைக் கொண்டு போய் வெக்கணும். தெரிஞ்சும் என் கால் எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? வேற வார்டுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம்னு மேட்ரன் ஆபீஸ் வாசல் வரைக்கும் போச்சு! ஒரு மனுஷன் சாகக் கெடக்கும்போது நான் என் மானத்தைத் தூக்கிக்கிட்டு ஓடப் பார்த்தேன். மேட்ரன் ரவுண்ட்ஸ் போயிருந்தாங்க. அவங்க சீட்டுல இருந்திருந்தா நான் இதை எழுதிட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வந்தா, பாயோட பல்லு தந்தியடிக்கிற சத்தம் வார்டு வாசல்லயே கேட்டுச்சு. பார்வையாளர் நேரம் வேற. பாய் வீட்டம்மாவும், அவங்க தம்பியும் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இவங்க ஊர் போய்ச் சேர்ந்ததும் தெருவுக்கே தெரிஞ்சுடும். போகட்டும், நாசமாப் போகட்டும்னு பெட்பேனை எடுத்தேன். துணி போட்டு மூடல. நேரா நடந்து போய் அவங்க முன்னாடி நின்னேன்.

"பாய், நான் டாக்டர் இல்ல. மெடிக்கல்லை விட்டு ரெண்டு வருஷம் ஆகப் போகுது. நர்ஸுக்குப் படிக்கிறேன். இது என் வேலை"ன்னேன். குரல் எனக்கே அடையாளம் தெரியல. அந்தம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு என்னையும், என் கையில இருந்ததையும் பார்த்தாங்க. அப்புறம் தம்பியைக் கூட்டிக்கிட்டு வெளியே போய்ட்டாங்க. பாய் மட்டும் முகம் சுளிச்சு, "இன்னாத்துக்கு இப்டிக் கத்துற? திரையை இழு முதல்ல"ன்னார்.

இழுத்தேன். இடுப்புக்கு அடியில கை குடுத்துத் தூக்கி, பெட்பேனை வெச்சுப் பிடிச்சுக்கிட்டேன். "ஆடாதே, ஊத்திடப் போற"ன்னு அதட்டினார். அப்புறம் மெல்ல, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"வந்த ரெண்டாம் நாளே தெரியும் தம்பி. காலை மேல, தலையைக் கீழ போட்டு வெச்சிருக்கீங்க. தலையைத் திருப்பினா எனக்குத் தெரியறதெல்லாம் தரை தான். பக்கத்துக் கட்டில்காரர் பெட்பேன் கேட்டா, திரைக்குக் கீழ என் ஷூ நிக்குது. ரெட்டைத் தையல். நான் குடுத்தது எனக்குத் தெரியாதா?"

நான் குனிஞ்சு என் காலைப் பார்த்தேன்.

"நீ மறைக்கிறே. அந்தப் பையன் இல்லாதப்ப நான் கூப்பிட்டா நீ தான் வரணும், உன் மூஞ்சி தொங்கிப் போயிடும். அதான் பகல்ல தண்ணி கொஞ்சம் கம்மி பண்ணிக்கினேன். இப்டிக் காய்ச்சல்ல கொண்டாந்து விடும்னு யாரு கண்டாங்க?"

அப்ப வீட்டம்மாகிட்ட டாக்டர் தம்பி, டாக்டர் தம்பின்னு சத்தமாச் சொன்னது? அதுவும் எனக்காகத் தான். என் பொய்யை அவர் காவல் காத்திருக்கார். நான் திரைக்குள்ள நின்னு, பெட்பேனைப் பிடிச்சுக்கிட்டே, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "அழுறதை அப்புறம் அழு, முதல்ல இதை எடு"ன்னார் பாய்.

அன்னையில இருந்து வரிசையை மாத்திக்கிட்டு, கூஜா கூஜாவாத் தண்ணி குடுத்துக் குடிக்க வெச்சேன். ஊசியும் வேலை செஞ்சுது. காய்ச்சல் விட்டு, ஆபரேஷன் ஆகி, லேசா விந்தி விந்தி நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த லீவுக்குப் பயந்துக்கிட்டே ஆம்பூர் போனா, தெருவுல ஒருத்தருக்கும் விஷயம் தெரியல. அந்தம்மா மூச்சு விடல. அவங்களும் சேர்ந்து மூடி வெச்சிருக்காங்க! அதை என்னால பொறுக்க முடியல. சர்ச் முடிஞ்சு வெளியே நின்ன கூட்டத்துல நானே சொன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஒரு பெரியம்மா "ஐயோ பாவம்"னாங்க. வெட்கமாத் தான் இருந்துச்சு, அது ஒரே நாள்ல போற வெட்கம் இல்ல. ஆனா செத்துப் போயிடல.

முப்பது வருஷத்துக்கு மேல நர்ஸா இருந்து ஓய்வு வாங்கிட்டேன். இன்னைக்கும் யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனா, எந்தக் கட்டில் பக்கமாவது தண்ணி டம்ளர் தொடாம நிறைஞ்சிருந்தா என்னால தாண்டிப் போக முடியாது. என் மூஞ்சி தொங்கக் கூடாதுன்னு ஒரு மனுஷன் அந்த வெயில்ல தொண்டை வறண்டு படுத்திருந்தார், அதை நினைச்சா எனக்கு இன்னும் தண்ணி எறங்குறதில்ல.