கரகர சாரின் காது

போனை எடுத்ததும் அவர் "ஹலோ" சொல்வதில்லை. "எங்க நிக்கற?" என்பார். கூப்பிட்டவர் வாயைத் திறப்பதற்குள், "ஜன்னல் பக்கம் வா. ஹெட்செட் மாட்டியிருக்கியா? கழட்டு. இப்ப ஒண்ணு ரெண்டு சொல்லு" என்று உத்தரவுகள் பறக்கும். எண்ணி முடிப்பதற்குள், எதற்குக் கூப்பிட்டோம் என்பதே கூப்பிட்டவருக்கு மறந்துபோயிருக்கும். மைத்துனர் ஒருமுறை வீட்டில் திருடன் புகுந்துவிட்டதைச் சொல்லக் கூப்பிட்டார். ரேடியோ அலைகளைப் பற்றி முழுப் பாடம் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்குக் 'கரகர சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அந்தக் காதுக்கு முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் ஒன்று. "தப்பு. கரகர வேற, கொரகொர வேற. நான் ரெண்டையும்தான் பார்க்கறேன்" என்று அவரே வந்து திருத்திவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் கைக்கருவி ஒன்றை அவருடைய கம்பெனி செய்கிறது. உள்ளங்கை அளவுதான். அதற்குள் செல்போனுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று என்று மூன்று ரேடியோக்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. மூன்றுக்கும் வாயும் உண்டு, காதும் உண்டு. தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் நேரம் பார்த்து, அடுத்தது பக்கத்தில் நின்று கத்தும். அவ்வளவுதான், ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சொல்வது போய்ச்சேராது, வெறும் கரகரப்புதான் மிஞ்சும். இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் சாருக்கு உத்தியோகம்.

செல்போன் ரேடியோவை அவர் மூத்தவன் என்பார். வைஃபை நடுவுலவன், புளூடூத் கடைக்குட்டி. சோதனை அறையின் சுவரெங்கும் கூர்கூராக நீலப் பஞ்சு ஒட்டியிருக்கும். கனத்த இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் வெளியிலிருந்து ஓர் அலையும் உள்ளே வராது. அங்கே உட்கார்ந்துகொண்டு, திரையில் துள்ளும் பச்சைக் கோட்டைப் பார்த்து, "மூத்தவன் பேசறான் இல்ல? நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்தா என்ன, குடியா முழுகிடும்?" என்று நடுவுலவனை அதட்டுவார். ஒருவனுக்குச் சத்தத்தைக் குறைப்பார். இன்னொருவனை வேறு அலைவரிசைக்குக் குடிமாற்றுவார். எதற்கும் மசியவில்லையென்றால் முறை வைத்துவிடுவார்: ஒருவன் கேட்கிற நேரத்தில் மற்றவன் மூச்சுவிடக் கூடாது. "கத்தறதுக்கு எல்லாருக்கும் தெரியுது, தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கத்தான் எவனுக்கும் தெரியல" என்று அலுத்துக்கொள்வார்.

வாயை மூடுவதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனிதர் வீட்டில் எப்படி என்று அவர் மனைவியைக் கேட்க வேண்டும். "இவர் பேச்சைக் கேக்கறவர் இல்லீங்க, பேச்சுல இருக்கற தூசியக் கேக்கறவர்" என்பார் அந்த அம்மாள். நிச்சயம் ஆகுமுன் ஒருநாள், தயங்கித் தயங்கி, "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு" என்று அந்த அம்மாள்தான் போனில் சொன்னாராம். "இதையே கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க" என்று மறுமுனையிலிருந்து பதில் வந்ததாம். அம்மாள் தள்ளி நின்று சொன்னதால்தான் கல்யாணமே நடந்தது என்று சார் இன்றுவரை நம்புகிறார்.

மனைவி சிரித்துவிட்டு விட்டுவிடுவார். மகள் அப்படி விடவில்லை. வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டாள். வழக்கமான உத்தரவுகளுக்கெல்லாம் கட்டுப்பட்டு, ஜன்னலுக்கு வந்து, ஹெட்செட்டைக் கழற்றி, ஒன்று ரெண்டு சொல்லி, பிறகு, "அப்பா, நான் வேலைய விட்டுட்டேன்" என்றாள்.

"ஆங், இப்ப கணீர்னு கேக்குது! அங்கயே நில்லு, நகராத" என்றார் சார்.

போன் வைக்கப்பட்டது. சிக்னல் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார். ரெண்டு நாள் கழித்து மனைவி சொல்லித்தான் விஷயமே மண்டையில் ஏறியது. "உங்ககிட்டதான் முதல்ல சொன்னாளாம்" என்று மனைவி சொன்னதும் அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து மகள் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள். சார் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அம்மாவும் பெண்ணும் பேசி முடிக்கும்வரை சமையலறை வாசலில் காத்து நின்று, "என்ன சொன்னா?" என்று கேட்பார். "நல்லா இருக்காளாம்" என்பதற்கு மேல் எதுவும் பெயராது. பெற்ற ஒரே பெண் தன்னோடு பேசவில்லையே என்ற வருத்தம் அவரை அரித்தது. நடுவுலவனை அதட்டும் குரல்கூட இறங்கிப்போயிற்று.

கடைசியில் மனைவிதான் தூது போனார். "ஞாயித்துக்கிழமை காலைல உங்களையே கூப்பிடறேன்னு சொல்லியிருக்கா. ஏதோ முக்கியமான விஷயமாம். இதுதான் கடைசி தடவைன்னும் சொல்லிட்டா. கரகரன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சு, அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்? நம்ம பக்கம் சுத்தமா இருந்தா கரகரப்பே வராது" என்றார் சார், மிகுந்த நம்பிக்கையோடு.

ஞாயிறு காலை வீட்டையே சோதனை அறையாக்கினார். வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். டிவி நாடகத்தின் மாமியார் வாயைத் திறந்தபடி உறைந்துபோனாள். ஸ்பீக்கர், டேப்லெட், கைக்கடிகாரம் எதுவும் தப்பவில்லை. மைக்ரோவேவ் அடுப்பையும் நிறுத்தினார். "ஐயோ, பால் இன்னும் சூடாகலங்க" என்று மனைவி பதற, "நான் பச்சையாவே குடிச்சுக்கறேன்" என்றார். அடுத்த வீட்டு வைஃபையையும் அணைக்கச் சொல்லலாமென்று செருப்பை மாட்டியவரை, மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

போன் அடித்தது. "எங்..." என்று கிளம்பியதை விழுங்கிவிட்டு, "ஹலோ" என்றார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்பா..." என்றாள் மகள். கூடவே வந்தது டிக் டிக் டிக், கர்ர்ர். இந்தப் பக்கத்துக் கோளாறு அல்ல. அவளுடைய ஹெட்செட்டும் அவள் வீட்டு வைஃபையும் முட்டிக்கொள்கின்றன என்பது சாருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. 'கழட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணீரென்று ஆகிவிடும். வாய் துறுதுறுத்தது.

"சொந்தமா ஒரு கடை..." கர்ர்ர். "...இடம்கூடப் பார்த்தாச்சுப்பா. தைரியமா செய்யுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா எனக்கு..." டிக் டிக். "...பயமா இருக்கு."

பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு, பயமாக இருக்கிறது என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லை. சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பாழாய்ப்போன கரகரப்பும் அதே நேரம் பார்த்துப் பெருத்தது. அவள் மேலே சொன்னதில் பாதி அதற்குள் போயிற்று.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குதும்மா. நீ சொல்லு" என்றார். சொன்ன வேகத்தில், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.