வேதக்காரப் பிள்ளையின் தேவாரம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான்தான். அந்தப் பெருமையில் எந்தப் பாடத்தையும் விட்டுவைத்ததில்லை, எனக்கு உரியதல்லாத பாடத்தையும்கூட.

அப்பா வாகரைப் பக்கத்து வாவியில் இறால் பிடிக்கிறவர், வேதக்காரர். கிறிஸ்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா சைவக் குடும்பம். அப்பாவைக் கட்டிய அன்றைக்கே கோயில் வாசலும் தாய்வீட்டு வாசலும் அம்மாவுக்கு ஒன்றாக அடைபட்டுப் போயின. பள்ளியில் வேதக்காரப் பிள்ளைகள் நானும் தம்பியும் மட்டும்தான், எங்கள் சமயத்துக்குப் பாடம் கிடையாது. அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் இருக்க வேண்டும். தம்பி இருந்தான். நான் போய்ச் சைவநெறி வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் குந்திக்கொண்டேன். குந்தியதோடு விடாமல், அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் நடந்த தேவாரப் போட்டியிலும் பாடி, முதலாம் பரிசாக ஒரு சில்வர் செம்பு வாங்கிவிட்டேன்.

பரிசு தந்தவர் வண்ணக்கர், கோயிலை நடத்துகிற பெரியவர். "நீ எந்தக் குடி புள்ள?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. அம்மாவின் குடியைச் சொன்னேன்.

"அட, நம்மட குடி. அப்ப நான் உனக்கு மாமன்."

பக்கத்தில் நின்றவர் அவர் காதில் ஏதோ சொன்னார். மாமனின் முகம் சுருங்கியது. செம்பை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

செம்பைக் கண்ட அப்பா அன்று சோறு தின்னவில்லை. "வேதப்பாடம் வைக்கட்டும். இல்லாட்டி இவள நிப்பாட்டுறன்" என்றார். நான் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

கணித டீச்சர் மட்டக்களப்பு டவுனில் இருந்து வருகிற வேதக்காரர். அனுமதி தந்தால் தானே பைபிள் படிப்பிப்பதாகச் சொன்னார். பள்ளி அதிபர் பெற்றோர் கூட்டம் வைத்தார். புறப்படும்போது அம்மா, "பெரிய ஆக்கள் வருவாங்க, சாரத்த இறக்கி விட்டுட்டுப் போங்க" என்றார்.

"நான் ஒருத்தனுக்கும் சாரம் இறக்கினதில்ல." முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய அந்தக் கைலியோடே அப்பா வந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கூட்டத்தில் ஒருவர், "ரெண்டு புள்ளைக்கு ஒரு பாடமா? நாளைக்கு நம்மட புள்ளையளும் அங்க போய்க் குந்தும்" என்றார்.

"அவள் நம்மட வகுப்பில குந்தினாளே, கொம்பா முளைச்சிச்சு?" என்றார் ஒரு மீன்காரப் பெண். எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள்.

பள்ளி முடிவில் எழுதுகிற சாதாரண தரச் சோதனையில் சமயம் கட்டாயப் பாடம், இந்தப் பிள்ளை எதை எழுதும் என்று டீச்சர் கேட்டார். பார்வையெல்லாம் வண்ணக்கர் பக்கம் போனது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்:

"அவள் எங்கட குடிப் புள்ள. எங்கட குடியில ஒருத்தி படிப்பில்லாம நிண்டா, குறை எனக்குத்தான். வேதத்தப் படிக்கட்டும்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஆனா மச்சான், தேவாரம் பாடினா அவளுக்கு அடிக்கப்படாது."

கூட்டம் சிரித்தது. அம்மாவைக் கட்டிய நாளிலிருந்து அப்பாவை அந்தக் குடியில் ஒருவரும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பள்ளி எனக்கு மிஞ்சியது, அது போதும்.

வழக்கமாக நாங்கள் வாவிக்கரையால்தான் வீட்டுக்குப் போவோம். அன்று அப்பா கோயில் வீதியால் நடந்தார். சைக்கிளில் முந்தி வந்துவிட்ட வண்ணக்கர் கோயில் வாசலில் நின்றார். அவரைக் கடக்கும்போது அப்பாவின் கை இடுப்புக்குப் போனது. சாரம் கணுக்கால்வரை இறங்கியது.

"அப்பா, சாரம் அவிழ்ந்திட்டு" என்றேன்.

"ஓம் மகள்" என்றார்.

நாள் முழுக்க வலைக்கு முடிச்சுப் போடுகிற மனிதருக்குத் தன் சாரத்தைக் கட்டத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.