‘கேஸ்தான்’ காலிதீன்

வலியென்று வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் காலிதீனின் கை இழுப்பறைக்குள் போய்விடும். “கேஸ்தான். வயித்துக் காத்து, கடிச்சித் தின்னுங்க, போயிரும்” என்று மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்தபடியே அடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். கல்முனை பஸாரில் இருக்கும் அவருடைய பாமசிக்குச் சாகாமத்து வயல்காரர்கள்கூட வருவார்கள். டொக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டும். இவரிடம் வாயைத் திறந்தால் போதும். “ஆளப் பார்த்தாலே வருத்தம் விளங்கும், என்ன நோயெண்டு” என்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொல்வதால் நம்பத் தோன்றும்.

மனைவி முனவ்வறாவையும் அப்படித்தான் பார்த்தார். சோறு வடிக்கும்போது நடுமுதுகு இழுக்கிறது, தாடைவரை ஏறுகிறது என்று நோன்புக்கு முன்பிருந்தே அவள் சொல்லிவந்தாள். ஒவ்வொரு முறையும் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை வந்தது.

“இஞ்சாருங்க, டொக்டர்ட்டக் காட்டுவமா?”

“பாமசிக்காரன்ட பொஞ்சாதி அங்க போய் நிண்டா ஊரு சிரிக்காதா, புள்ள?”

பெருநாள் கழிந்த ஒரு காலையில் முனவ்வறா கிணற்றடியில் வியர்த்துக் கொட்டி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியே குழாய் செலுத்தி இதயத்தின் இரத்தக்குழாய்களைப் படம் பிடித்து, அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்டும் வைத்தார்கள். உயிர் தப்பியது. பிறகு டொக்டர் காலிதீனைத் திரைக்கு முன்னால் அழைத்தார்.

“இந்தப் படத்தில அடைப்பு பாதிதான் தெரியுது. உள்ளுக்க சின்னக் கெமரா விட்டுப் பார்த்தாத்தான் விளங்கிச்சு. குழாய்ச் சுவருக்குள்ள முழுக்கக் கொழுப்பு. அதை மூடியிருக்கிற தோல் மெல்லிசு, இந்த இடத்தில வெடிச்சும் இருக்கு. அளந்துதான் ஸ்டென்ட் வைச்சம். எவ்வளவு நாளா வலியெண்டு சொன்னாங்க?”

காலிதீன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நேத்து... நேத்துத்தான், டொக்டர்.”

டொக்டர் திரும்பி, வாசலோரம் தள்ளுகட்டிலில் கிடந்த முனவ்வறாவிடமே கேட்டார். அவள் கணவரை ஒருமுறை பார்த்தாள்.

“ஓம் டொக்டர். நேத்துத்தான்.”

அவள் திட்டியிருந்தால் காலிதீன் தாங்கியிருப்பார். காதுமடல்கள் சுட, தரையைப் பார்த்தபடியே கட்டிலின் பின்னால் வார்டுவரை நடந்தார்.

பின்னேரம் பக்கத்து வீட்டு றுஸ்தா பார்க்க வந்தாள். “காக்கா, முனவ்வறா ராத்தாக்கு என்ன வருத்தம்?” என்று அவரிடம்தான் கேட்டாள்.

காலிதீன் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மனைவியின் பாதங்களை மூடினார். மூடிய பிறகும் குனிந்தே நின்றார்.