வியாழக்கிழமை பதினொன்று இருபது

வெர்லீன் பள்ளிச் சொத்தை உடைத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள் என்று இன்னும் எத்தனை வருஷத்துக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? காலை ஏழு மணிக்குப் பெட்ரோல் பங்க் கடையில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிய, மெத்தென்ற ரொட்டி மாதிரியான பிஸ்கட் தின்கிற கூட்டத்துக்கு அந்தப் பேச்சு இல்லாமல் காபி இறங்காது. பள்ளிச் சமையலறையில் இருந்த டார்லாதான் எப்போதும் ஆரம்பிப்பாள்.

"என் கண்ணால பாத்தேன். ஸ்க்ரூடிரைவரை வச்சு நெம்பி எடுத்தா. நல்லா இருந்த லேப்டாப்பு."

"எதுக்குங்கிற?" என்பார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஹார்லன், முதல் தடவை கேட்பதுபோல.

"எதுக்கா? ரிப்பேரு நெறைய இருந்தாத்தான அவ வேலை நெலைக்கும். ரிப்பேரு எல்லாத்தையும் லெக்சிங்டன் டவுனுக்கு அனுப்பிடலாம்னு அப்ப ஒரு பேச்சு வந்துச்சில்ல."

"சர்ச்சுல முன் வரிசையில உக்காருறவளாச்சே."

"முன் வரிசையில உக்காந்தா பாட்டு நல்லாக் கேக்கும். வேற ஒண்ணும் ஆகாது ஹார்லன்."

இதில் ஒன்று உண்மை. வெர்லீன் அந்த லேப்டாப்பின் எழுத்து விசையைப் பிடுங்கத்தான் செய்தாள். ஒரு தடவை இல்லை, பதினான்கு தடவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவளைக் கரித்துக் கொட்டுகிற வாயில் ஒன்றுகூட, யாருக்காகப் பிடுங்கினாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு விஷயம். அந்தப் பிள்ளை கின்லிக்கு இப்போது இருபது வயது. வெளியே சொன்னாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்று கின்லியே சொல்லிவிட்ட பிறகு, இனி வாயை மூடிக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை.

வெர்லீன் அந்த மலைப்பக்கத்து நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருஷம் லேப்டாப் பழுது பார்த்தாள். அதற்கு முன்னால் நிலக்கரிக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தாள். கம்பெனி மூடியதும் கவர்ன்மென்ட் நடத்திய ஆறு மாதப் பயிற்சிக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டாள். கீழ்த்தளத்தில் பாய்லர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கறுப்பு லேப்டாப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரி. சுரங்க வேலைக்குப் போன புருஷன் நெஞ்சில் கரித்தூளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் கார்லண்ட் ஒஹையோவில் கார் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினான். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு அம்மா பிறந்த நாளைக்கு மட்டும். சண்டை ஒன்றும் கிடையாது. அங்கே போகிற பிள்ளைகள் அப்படித்தான் மெல்ல மெல்லத் தூரமாகிவிடுகிறார்கள். அவளுக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல் போயிற்று.

அந்த வருஷம் மாவட்டப் பள்ளி அலுவலகம் புதிதாக ஒன்று கொண்டுவந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி கொடுத்திருந்த லேப்டாப்பைக் காலையில் திறந்தால் ஐந்து முகம் வரும். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் ஒன்றைத் தொட வேண்டும். அழுகிற முகத்தைத் தொட்டால், பிள்ளைகளின் மனக்குறை கேட்கிற கவுன்சலர் அறைக்குச் செய்தி போகும். நல்ல எண்ணம்தான். ஆனால் கவுன்சலர் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்? ஒலிபெருக்கியில். இன்னார் கவுன்சலர் அறைக்கு வரவும் என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும். இரண்டே வாரம். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளும் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டார்கள். எங்கள் பிள்ளைகள்தான் மாநிலத்திலேயே சந்தோஷமான பிள்ளைகள் என்று மாவட்டத்தில் அறிக்கைகூட வந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஏழாம் வகுப்புக் கின்லி வெர்லீனின் அறை வாசலில் வந்து நின்றாள். ஒல்லிப் பெண், தாத்தாவின் சட்டையைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருந்தாள்.

"மிஸ், இது தெறக்க மாட்டேங்குது."

பள்ளியின் இணையத்தில் ஒரு தடுப்பு உண்டு. விளையாட்டு, கண்ட படம், எதுவும் திறக்காது. வெர்லீன் திரையைப் பார்த்தாள். திறக்காமல் நின்ற பக்கம் பெண்கள் சிறையினுடையது. உள்ளே இருப்பவர்களை வீடியோவில் பார்ப்பதற்கு நேரம் வாங்கும் பக்கம். தேதியும் நேரமும் ஏற்கெனவே குறித்திருந்தது. வியாழக்கிழமை, பதினொன்று இருபது. இருபது நிமிஷம்.

"வீட்டுல பாக்க முடியாதா கண்ணு?"

"எங்க மேட்டுல சிக்னலே கெடையாது மிஸ். அம்மாவைப் பாக்குறதுக்குத் தாத்தா பேப்பருல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தாரு. அதுக்கு மேல அவ பேச்சை வீட்டுல எடுக்கக் கூடாதுன்னுட்டாரு." மடித்த சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கிளாஸ்ல அம்மா ஒஹையோல வேலை பாக்குறாங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

"எந்த ஊருன்னு சொன்ன?"

"டேட்டன்."

"நல்ல ஊருதான் சொல்லியிருக்க. எம் மகனும் அங்கதான். கேட்டா கார் கம்பெனி, ரெண்டாவது ஷிப்டுன்னு சொல்லு. ரெண்டாவது ஷிப்டுக்காரங்களுக்குப் போன் பேசவே நேரம் இருக்காது."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் மேஜை லேப்டாப்பில் மட்டும் அந்தப் பக்கத்துக்குத் தடுப்பை எடுத்துவிட்டாள்.

ஆனால் வகுப்பிலிருந்து எப்படி வருவது? பழுது பார்க்கும் அறைக்குச் சீட்டு வேண்டும். உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் டீச்சர் சீட்டில் கையெழுத்துப் போடுவார். சும்மா ஓடவில்லை என்றால் அணைத்துவிட்டு மறுபடி போடு என்பார். முதல் வாரம் கின்லி தானே ஒரு விசையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அடியிலிருந்த கொக்கியும் சேர்ந்து போயிருந்தது.

"இப்படியா பிடுங்குவாங்க? பல்லு பிடுங்குற மாதிரி. அடுத்த வாரத்துக்கு நானே எடுத்து வைக்கிறேன். நீ கையை வைக்காத."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வியாழனும் கின்லி கிளம்பும்போது வெர்லீன் ஒரு விசையை மெல்ல நெம்பி எடுத்து, ஒரு தாள் உறையில் போட்டு வைப்பாள். கின்லி ஒரு வாரம் அந்தப் பொக்கையோடு எழுதுவாள். அடுத்த வியாழன் டீச்சரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வருவாள். வெர்லீன் பழைய விசையை மாட்டிவிட்டு வேறு ஒன்றை எடுப்பாள். ஒவ்வொரு தடவையும் பதிவில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினாள். அதை எழுதாமல் விட்டிருந்தால் அவளுக்கு ஒரு கேடும் வந்திருக்காது. ஆனால் செய்ததை எழுதாமல் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது அவள் குணம், என்ன செய்வது.

பதினொன்று இருபதுக்குத் திரையில் ஒரு சாம்பல் நிறச் சுவர் வரும். பிறகு ஒரு பெண் வந்து உட்காருவாள். வெர்லீன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ஏதோ ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்ற ஆரம்பிப்பாள். சின்ன மின்விசிறி ஒன்றைச் சத்தமாக ஓடவிடுவாள், வார்த்தை காதில் விழாமல் இருக்க. சிரிப்பு மட்டும் விழும். கின்லி சிரிப்பது வேறு எங்கேயும் கேட்காத சிரிப்பு. இருபது நிமிஷம் முடிந்ததும் திரை தானாகக் கறுத்துவிடும். பாதி வார்த்தையில் கறுத்துவிடும். கின்லி அந்தக் கறுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். வெர்லீன் பீனட் பட்டர் தடவிய பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளுவாள்.

"அம்மாவுக்கு முடி வளந்திருக்கு மிஸ்."

"நல்லாருக்கா?"

"தெரியல. காது தெரியல இப்ப. முன்னாடி காது தெரியும்."

அவள் போன பிறகு வெர்லீன் தன் போனை எடுத்துக் கார்லண்டுக்குப் போடுவாள். மணி அடித்து அடித்து, அவன் குரலில் பதிந்து வைத்த ரெண்டு வரி வரும். பேச முடியவில்லை, செய்தி சொல்லுங்கள் என்று. அவள் செய்தி சொல்லமாட்டாள். அந்த ரெண்டு வரியை முழுக்கக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வியாழக்கிழமை என்றால் காலையிலேயே அறையைப் பெருக்கிவிடுவாள், யாரோ விருந்தாளி வருவதுபோல. பிள்ளையின் காலடி கேட்கிறதா என்று பதினொரு மணியிலிருந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்று அவளையே கேட்டால்கூடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், பால் பெட்டி வைக்க வந்த டார்லா கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவள் பார்த்தது ஸ்க்ரூடிரைவரையும் விசையையும் மட்டும். கின்லி அப்போதுதான் படியேறிப் போயிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து பிரெண்ட் வந்தான். வெர்லீனிடம் வேலை கற்றவன், இப்போது அவளுக்கு மேலதிகாரி. தலைமையாசிரியர் அறையில் பழுதுப் பதிவுக் காகிதத்தை விரித்து வைத்தான்.

"வெர்லீன் அக்கா, ஒரே லேப்டாப்பு. பதினாலு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பட்டன்."

"ஆமா."

"அந்தப் பொண்ணு உடைக்குதுன்னா சொல்லிடுங்க. கூப்பிட்டு விசாரிச்சுக்கறோம். உங்களுக்கு ஒண்ணும் வராது."

கேட்டீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். ஒலிபெருக்கியில் கின்லி பெயர் வந்திருக்கும். ஏன் உடைத்தாய் என்று ஒருத்தர், வியாழக்கிழமை எங்கே போனாய் என்று ஒருத்தர். சாயங்காலத்துக்குள் டேட்டன் என்பது எந்தச் சிறை என்று பேருந்து முழுக்கச் சிரித்திருக்கும்.

"பிள்ளை மேல போடாத பிரெண்ட். நாந்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"எடுத்தேன். அவ்வளவுதான்."

"ஏதாவது சொல்லுங்கக்கா. நான் எதை எழுதுறது?"

"நான் சொன்னதை எழுது."

தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். பிரெண்ட் பேனாவை மூடினான். கடைசியில், நீங்களாக விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள், பேச்சு வெளியே போகாது என்றான். அதுவும் போகத்தான் செய்தது, டார்லா இருக்கும்போது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமா? நாளைக்கு ஒரு வேலை இருக்கு."

"இன்னைக்கேக்கா. விதி அப்படி. சாவியையும் குடுத்துடணும்."

அவள் அழவில்லை. ஒரு மணி நேரம் கொடு, மேஜையைக் காலி செய்கிறேன் என்றாள். மேஜையில் காலி செய்ய என்ன இருந்தது? நேராகக் கவுன்சலர் அறைக்குப் போனாள். ஹாலிஸ் என்று ஒரு சின்னப் பெண், லெக்சிங்டனிலிருந்து வந்து ஆறு மாதம். ஒலிபெருக்கியில் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவள் அவள்தான் என்பதால் வெர்லீன் அதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. அன்றைக்குப் போய், கேட்காமலே உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பதினொண்ணு இருபதுக்கு ஒரு பிள்ளை வந்தாலும் வரும். வராமலும் போகும். யாருன்னு நான் சொல்லமாட்டேன்."

"எதுக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா..."

"அம்மா, நீ படிச்சவ. ஆனா இந்த ஒண்ணை மட்டும் நான் சொல்றபடி செய். மைக்குல கூப்பிடாத. என்னன்னு கேக்காத. உன் லேப்டாப்பை அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துட்டு நாற்காலியைத் திருப்பிக்க. இருபது நிமிஷம். பிஸ்கட் இருந்தா வை."

ஹாலிஸ் மேஜையிலிருந்த காகிதங்களை ஒதுக்கினாள். பிறகு தன் லேப்டாப்பை மேஜைமேல் தள்ளினாள். வெர்லீன் அதில் அந்த ஒரு பக்கத்துக்குத் தடுப்பை எடுத்தாள். திரையில் வந்த சிறையின் பெயரை ஹாலிஸ் படித்தாள். படித்துவிட்டு, "ஒலிபெருக்கியில கூப்பிட வேண்டாம்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றாள், சின்னக் குரலில்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றாள் வெர்லீன். அவள் பிடிவாதம் அப்போதும் விடவில்லை. ஆனால் போகிறபோது அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனாள்.

வெளியே போகிற வழி சாப்பாட்டுக் கூடம் வழியாக. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பிரெண்ட் பின்னால் வந்தான், சாவிக்கொத்து அவன் கையில். கின்லி வரிசையின் நடுவில் நின்றாள். வெர்லீன் கோட்டுப் போட்டிருப்பதையும் கையில் மின்விசிறி இருப்பதையும் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் உதடு மட்டும் அசைந்தது.

"நாளைக்கு?"

வெர்லீன் குனிந்து, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல அவள் பக்கத்தில் நின்றாள்.

"கவுன்சலர் ரூமு. அதே நேரம். சீட்டு வேண்டாம்."

"சொல்லிட்டீங்களா?"

"உன் பேரைச் சொல்லல. நீ போனாத்தான் அது நீ."

கின்லி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீன்ஸும் சோளரொட்டியும். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற பையன் இடித்தான். அவள் நகரவில்லை.

"அந்தக் கதவுல கண்ணாடி இருக்கு மிஸ். எல்லாருக்கும் தெரியும்."

"காகிதம் ஒட்டச் சொல்றேன்."

வெர்லீன் திரும்பி நடந்தாள். பிரெண்ட் தடுக்கப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கவுன்சலர் அறை வாசலில் நின்று, அலமாரியிலிருந்த பழுப்புத் தாளை வாங்கி, தானே நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள். ஒரு மூலை கொஞ்சம் வளைந்திருந்தது. அதைப் பிரித்து மறுபடி ஒட்டினாள். பிறகு பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. பள்ளிப் பேருந்து எதுவும் இன்னும் வந்திருக்கவில்லை.