சித்தியின் வயிறும் அப்பாவின் டீயும்

எங்கள் வீட்டில் ஒருவருடைய வயிறு எல்லோருடைய விவகாரமாகவும் ஆனது, சித்தப்பா கல்யாணம் செய்துகொண்ட வருஷம்தான். புதுச் சித்திக்கு நாள்கணக்கில் வெளிக்கே போகவில்லை.

பட்டாபிராமில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஐந்து குடித்தனத்துக்கும் கொல்லையில் ஒரே கக்கூஸ். ஆவடி பேக்டரிக்குப் போகும் ஆண்கள் காலையில் ஆளுக்கொரு வாளியோடு அதன் எதிரே நின்று அரசியல் பேசுவார்கள். அந்த மாநாட்டுக்கு என் அப்பாதான் தலைவர்.

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். சோறு இறங்கவில்லை. அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள், கீரை கடைந்தாள். பக்கத்து வீட்டு அத்தை பழத்தோடு வந்தாள்.

"இன்னாம்மா, வயிறு கல்லாட்டம் கீது. சுடுதண்ணி குடிக்கிறியா இல்லியா?"

சித்தி தலையாட்டினாள். அந்தச் சுடுதண்ணீர் ஆறியதும் கனகாம்பரச் செடிக்குப் போய்விடும் என்பது எனக்கு மட்டும் தெரியும். சித்திக்குச் செடி என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டேன்.

தன்னைப் பிடிக்காமல்தான் அவள் சாப்பிடவில்லை என்று சித்தப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஊருக்கே அனுப்பிவிடலாம் என்றாள் அம்மா. பாவம், சித்திக்குக் கையில் மருதாணிகூட இன்னும் மங்கவில்லை.

கடைசியில் அப்பாதான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார், துணைக்கு நான். கணவனின் அண்ணன் எதிரே சித்தி நிமிர்ந்துகூட நிற்க மாட்டாள். அதனால் அப்பா திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"வெளிக்கி வந்தா உடனே போறியாம்மா, அடக்கிக்கிறியா?" என்று கேட்டார் டாக்டர்.

"அடக்கிக்குவேன்" என்றாள் சித்தி. "அங்க எல்லாரும் நிக்கிறாங்க. மாமாவும் நிக்கிறாரு."

மாமா என்றது என் அப்பாவை. போகவேண்டி வருமே என்று பயந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றும் சொன்னாள். விளக்கெண்ணெயைத் தினமும் குடிக்காதே, தண்ணீரும் கீரையும் பழமும் போதும், வந்தால் மட்டும் அடக்காதே என்றார் டாக்டர். நாங்கள் வெளியே வந்தபோது அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கொல்லையில் வாளியோடு கூடியவர்களிடம் அப்பா போனார்.

"இன்னா அண்ணாத்தே, தெனம் இங்கியே நின்னுகினு. வாங்க, ஸ்டேஷன் கடையில ஒரு டீ குட்சிட்டு வரலாம்."

எல்லோரும் போனார்கள். அன்றிலிருந்து தினமும் போனார்கள், அரை மணி நேரம் கொல்லை காலியாக இருந்தது. "ஊட்டுக் காபி கசக்குதா உங்களுக்கு?" என்று அம்மா இடித்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சித்தி மெல்லத் தேறினாள், கனகாம்பரம் வாடியது. எல்லாம் விளக்கெண்ணெயின் மகிமை என்றாள் அம்மா. நானும் பள்ளிக்கூடத்தில் அதையே பரப்பினேன். அப்பாமேல்தான் எனக்குக் கோபம். அவர் டம்ளரில் மிச்சம் வைக்கும் காபி என்னுடையது. டீக்கடைப் பைத்தியம் பிடித்து அதைக் கெடுத்துவிட்டாரே என்று அவரோடு பேசாமல்கூட இருந்தேன்.

சித்தப்பா வேப்பம்பட்டில் கக்கூஸோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போன மறுநாள், அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து காபி கேட்டார். டீ குடித்தால் அன்று முழுக்க அவருக்கு நெஞ்சு எரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.