கூடு இல்லை, ஆள்

செல்வலட்சுமி மடவார் வளாகத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். பட்டா மனு, காதுகுத்துப் பத்திரிகை, விவாகரத்து நோட்டீஸ் என்று ஸ்ரீவில்லிபுத்தூரின் நல்லதும் கெட்டதும் அவள் விரல் வழியாகத்தான் போகும். எதையும் அவள் படிப்பதில்லை, அடிப்பதோடு சரி. படித்தால் ஊர்க் கவலையெல்லாம் நம் தலையில் ஏறிவிடும் என்பாள். இருக்கிற கவலையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ராஜபாளையத்து நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவள் கணவர் லிங்கேஸ்வரனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போனது. ஆட்களை அடையாளம் தெரிவதும் முக்கால்வாசி போனது. கைபிடித்தால் நடப்பார், ஊட்டினால் தின்பார். "ஆளு போயாச்சு, கூடுதான் கிடக்கு" என்று சொந்தக்காரர்கள் அவர் எதிரிலேயே சொன்னார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், செல்வலட்சுமியும் அந்தப் பேச்சுக்குப் பழகிப்போனாள். பானையை நிரப்புவது மாதிரிதான் சோறு ஊட்டினாள். "ஏங்க" என்று கூப்பிட்டே பல மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அஸ்ஃபியா வந்தாள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவி. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்தவத் துறவிகள் ஆன்மா, உடம்பு, அறிவு பற்றி என்ன வாதாடினார்கள் என்பது அவள் ஆய்வு. பள்ளிவாசல் தெருப் பிள்ளை வேதக்கோயில் விஷயத்தை எழுதி, வைத்தியநாத சுவாமி கோயில் பக்கத்தில் டைப் அடிக்கக் கொடுத்தாள். நம் ஊரில் இதெல்லாம் சாதாரணம்.

மூன்றாம் நாள் செல்வலட்சுமியின் விரல் நின்றது. ஆன்மா உடம்புக்குள் வாடகைக்கு இருப்பதல்ல, அந்த உடம்பை உயிருள்ள உடம்பாக, மனித உடம்பாக ஆக்குவதே அதுதான் என்று எழுதியிருந்தது. உயிர் இருக்கும்வரை அது விரல் நுனியிலும் முழுசாக இருக்குமாம். புலன்கள் கொண்டுவரும் உருவங்களை வைத்துத்தான் அறிவு நினைக்கும், தலையில் நோய் வந்தால் உருவங்கள் கலங்கும், அறியும் சக்தி மட்டும் அழியாது என்றும் இருந்தது.

"அஸ்ஃபியா, இது நிசமா?"

"நிசமான்னு எனக்குத் தெரியாதுக்கா. அவங்க அப்படி நம்புனாங்க. உலகத்துக்கே பொதுவா ஒரே அறிவுதான்னு ஒரு கட்சி சொல்லிச்சு. அப்ப இந்த ஆளு நினைக்கிறாருன்னு எப்படிச் சொல்லுவீங்கன்னு மத்தவங்க மடக்கிட்டாங்க."

இந்த ஆளு. செல்வலட்சுமி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும், "ஏங்க, கஞ்சி சூடாருக்கு, செத்த நேரம் பொறுங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அடுத்த மாதம் மகள் காளீஸ்வரிக்கு நிச்சயம். மாப்பிள்ளை சோழபுரம். இரண்டு அப்பாக்களும் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டால்தான் பேச்சு உறுதி.

"தட்ட நான் மாத்துதேன்" என்றார் லிங்கேஸ்வரனின் அண்ணன் தங்கச்சாமி. "அவனுக்கு என்ன தெரியும்? சபையில கீழ போட்டா அபசகுனம்."

"பெத்தவரு அவியதான் அத்தான். இருக்கவரை வச்சுக்கிட்டு நீங்க மாத்துனா, அவிய இல்லேன்னு ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி."

"விழுந்தா?"

"விழுந்தா பொறக்கிக்கிடுவோம்."

தங்கச்சாமி கெட்டவர் இல்லை. நோய் வந்த அன்று தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர். நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

செல்வலட்சுமிக்கு நம்பிக்கை பாதி, வீம்பு பாதி. ஒரு வாரம் எவர்சில்வர் தட்டை வைத்து அவரைப் பழக்கினாள். எதிரே உட்கார்ந்து தட்டை வாங்கியது காளீஸ்வரி. பாதி நாள் அவர் தட்டை மடியில் வைத்துப் பழத்தை உரித்துத் தின்றார்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா பால்ச்சாமி தன் தட்டை நீட்டினார். லிங்கேஸ்வரன் கையிலிருந்த தட்டைக் கொடுக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒருவரும் கைபிடிக்காமல் நாலு எட்டு நடந்தார். பெண்கள் நடுவில் இருந்த காளீஸ்வரியிடம் தட்டை நீட்டினார்.

எங்கோ ஒரு சிரிப்பு. தங்கச்சாமி தலையில் கைவைத்தார். செல்வலட்சுமிக்கு, மகளையே எதிரே உட்கார வைத்துப் பழக்கிய தன் மடத்தனம் அப்போதுதான் உறைத்தது.

பால்ச்சாமி தட்டைக் கீழே வைத்தார். "தப்பில்லையே. கேக்க வேண்டிய இடத்துலதான் கேக்காரு. நாமதான் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தாயி, உனக்குச் சம்மதமா?"

காளீஸ்வரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சம்மதம் மாமா" என்று எழுந்து தட்டின் ஓரத்தைப் பிடித்தாள். அப்பாவும் மகளும் சேர்ந்தே தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பழக்கமா, நினைப்பா? செல்வலட்சுமிக்குத் தெரியாது. மகளை வைத்துப் பழக்கியதை ஒரு வார்த்தை சொல்லி அவளால் எல்லாவற்றையும் விளக்கியிருக்க முடியும். விளக்கினால் மட்டும் அந்த மனிதர் உள்ளே நினைத்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடுமா என்ன?

பந்தியில் தங்கச்சாமி தம்பிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாகத் தம்பிக்கு என்ன வேண்டும் என்பதைச் செல்வலட்சுமியிடம்தான் கேட்பார்.

"ஏலே தம்பி, சாம்பாரா, ரசமா?"

பரிமாற வந்தவரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, தங்கச்சாமி தம்பியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.